யாருடைய கண்ணீர் என்று சொல்லவில்லை

மைக்கை மாட்டிய பிறகு ஒரு மனிதனிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்பதில் லெவல்காரருக்குத் திட்டவட்டமான கருத்து இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொன்னால் பள்ளிக்கூடக் குரலில் எண்ணுகிறார்கள். பெயரைச் சொல்லச் சொன்னால் சினிமாக்காரர்கள் மேடைக் குரலுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டையும் நம்பிச் சத்தத்தின் அளவை, அதாவது லெவலை, வைத்தால், பேச்சு சூடுபிடித்ததும் காது கிழியும். அதனால் அவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“உங்க வீட்டுல கடைசியா ரிப்பேர் ஆனது எது?”

மைக்கை மறந்துவிட்டுப் பேச இதைவிடச் சிறந்த கேள்வி இருக்கலாம். அவருக்கு அகப்படவில்லை. சண்டைப் பயிற்சியாளர் ஒருவர், “தண்ணிக் குழாய்ங்க. நாலாவது மாடியிலேர்ந்து குதிச்சிருக்கேன், அது சொட்டுறதை மட்டும் நிறுத்த முடியல” என்றார். இசையமைப்பாளர் ஒருவர், காலிங் பெல் சுருதி விலகி அடிக்கிறது என்று கழற்றிச் சரி செய்ததையும், அன்றிலிருந்து அது அடிப்பதையே விட்டுவிட்டதையும் சொன்னார். திரைக்கதை ஆசிரியர் ஒருவர் “என் குடும்ப வாழ்க்கை” என்று சொல்லிவிட்டு, “ஐயையோ, இது பதிவாகுதா?” என்று பதறினார்.

பதிவாகத்தான் செய்தது. லெவல் பார்க்கும்போதே பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் பதிவு செய்வார், மறுபடி அமுக்கி நிறுத்துவார், போட்டுக் கேட்பார், பிறகு உண்மையான பேச்சுக்கு இன்னொரு முறை அமுக்குவார். இது அவருடைய பழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, யாரும் மாற்றச் சொன்னதும் இல்லை.

நிகழ்ச்சி அவருடைய மச்சானுடையது. மனைவியின் தம்பி. காப்பீட்டு நிறுவனத்தில் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, சினிமாவுக்குப் பின்னால் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதையே தொழிலாக்கிக்கொண்டவன். கவிதையும் எழுதுவான். பேச்சை ஓர் இணையச் சேனல் வாங்கிப் போட்டது. அந்தச் சேனலின் தலைமை அலுவலகத்தை இருவருமே நேரில் பார்த்ததில்லை, தொலைபேசியில் பயப்பட மட்டும் தெரியும்.

பதிவு செய்யும் அறை ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரெங்கும் பழைய மெத்தைகளைக் கட்டி, மேலே சாம்பல் நிறத் திரை போட்டிருந்தார்கள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மெத்தையையும் தாண்டி வரும். ஆகவே கடைக்காரரோடு ஓர் ஒப்பந்தம். ஜன்னலில் சிவப்புத் துணி தொங்கினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் டயரோடு வந்தவர்கள் மாடியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

இந்த அறையில், காதில் ஹெட்போனோடு, மேசைக்குப் பின்னால் இருந்த முக்காலிதான் லெவல்காரருக்கு உலகத்தில் மிச்சமிருந்த இடம். கல்யாணங்களுக்கும் கம்பெனிக் கூட்டங்களுக்கும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு அவரைக் கூப்பிட ஆளில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவிதான் தம்பியிடம், “உன் அத்தானைக் கூட்டிட்டுப் போயேன்டா. வீட்டுல ஃபிரிட்ஜ் சத்தத்துக்கே லெவல் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு” என்று சொல்லி அனுப்பி வைத்தாள்.

இப்போது அந்த முக்காலிக்கும் ஆபத்து வந்திருந்தது. பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அடுத்த பேச்சைப் பற்றி ஊர் பேசாவிட்டால் நிகழ்ச்சியை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. மச்சான் எங்கெங்கோ அலைந்து, பல வருடங்களாகப் பேட்டியே கொடுக்காத ஒருவரைச் சம்மதிக்க வைத்தான். சினிமாவில் வாழ்நாள் முழுவதும் அழுத அம்மா. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, அழுகையம்மா என்றால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு அவர் நடித்த படங்கள் தெரியாது, முகம் தெரியும். முந்தானையை வாயில் பொத்தி அவர் அழும் முகம் எல்லாருடைய போனிலும் ஸ்டிக்கராக ஓடிக்கொண்டிருந்தது. பரீட்சையில் தோற்றாலும் பஸ்ஸைத் தவறவிட்டாலும் அவர் அழுவார்.

தலைமை அலுவலகம் சந்தோஷத்தில் குதித்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. முகப்புப் படத்தில் கண்ணீர் இருக்க வேண்டும்.

அழுகையம்மா காலையில் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான, கூர்மையான பெண்மணி. கைத்தடியை ஊன்றி மாடியேறி வந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்து, “எந்த லைட்டுப்பா எனக்கு?” என்று கேட்டு அதற்கு நேராக உட்கார்ந்தார். லெவல்காரர் மைக்கை மாட்டினார். பொத்தானை அமுக்கினார். அது புதுப் பொத்தான். மூன்று கேமராக்களையும் ஒலிப்பதிவையும் ஒன்றாகக் கட்டி, ஒரே அமுக்கில் எல்லாம் ஓடும்படி மச்சான் வாங்கிப் போட்டது. கேமராவின் சிவப்பு விளக்கைக் கண்டால் விருந்தினர்கள் விறைத்துப் போகிறார்கள் என்று அவற்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னதும் அவன்தான்.

“உங்க வீட்டுல கடைசியா ரிப்பேர் ஆனது எதும்மா?”

“என் முழங்கால்” என்றார் அவர். “புதுசு மாட்டியிருக்காங்க. பழசு எனக்குப் பாட்டுக்கெல்லாம் ஆடிக் குடுத்துச்சு, இது மாடி ஏறவே மொறைக்குது. சரி, உங்க வீட்டுல?”

லெவல்காரர் திகைத்தார். இத்தனை பேரைக் கேட்டிருக்கிறார். திருப்பிக் கேட்டவர் யாருமில்லை.

“வாஷிங் மெஷின்ங்க” என்றார். “சுத்தும்போது ஓடிவந்து கதவை இடிக்குது. நான் எல்லாத்தையும் கழட்டி மாட்டினேன், ஒண்ணும் ஆகல. என் வீட்டுக்காரி வந்து ஒரு உதை விட்டா, நின்னுடுச்சு.”

“மெஷினா, நீங்களா?”

“ரெண்டு பேரும்தாங்க.”

அழுகையம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கியது, பிறகு தொண்டையில் ஏதோ இரண்டு மூன்று முறை பிடிக்கப் பார்த்துத் தவறியது, பிறகு திடீரென்று பற்றிக்கொண்டு அறை முழுக்க ஓடியது. அந்தச் சிரிப்புக்கு லெவல் வைக்கும் அவசரத்தில் லெவல்காரர் குமிழைத் திருகினார். பிறகு மச்சான், “ஆரம்பிக்கலாமா அத்தான்?” என்றான். “ஆரம்பி” என்று பொத்தானை அமுக்கினார்.

நல்ல பேச்சு என்ற சொல்லை எச்சரிக்கையாகத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் அன்றைக்கு நடந்தது அதற்குப் பக்கத்தில் வந்தது. தன்னைவிட வயதில் மூத்த கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்த முதல் நாளைப் பற்றி அவர் சொன்னார். அந்த மனிதர் ஒத்திகையில் “பாப்பா, கொஞ்சம் தள்ளி உக்காரு” என்பாராம். கேமரா ஓடியதும் அதே வாயால் “அம்மா!” என்று காலில் விழுவாராம். காஸ் சிலிண்டர் போடும் பையன், சரக்கு வரவில்லை என்பதைத் தெரிவிக்க அவருடைய அழுகை ஸ்டிக்கரையே அவருக்கு அனுப்பிய கதையைச் சொன்னார். “யாருக்கு அனுப்புறோம்னு அவனுக்குத் தெரியல தம்பி. நானும் பதிலுக்கு அதையே அனுப்பிட்டேன்.” ஒரே ஒரு படத்தில் தனக்குச் சிரிக்கிற காட்சி எழுதியதைச் சொன்னார். நாள் முழுக்கச் சிரித்து நடித்தார். படம் வந்தபோது அந்தக் காட்சி இல்லை. நீளம் என்று வெட்டிவிட்டார்கள். “என் சிரிப்பை இதுவரைக்கும் எந்தத் திரையும் பார்த்ததில்ல” என்று சொல்லிவிட்டு, அதற்கும் சிரித்தார்.

இடைவேளைக்கு லெவல்காரர் பொத்தானை அமுக்கினார். அழுகையம்மா முகம் கழுவப் போனார். திரும்பி வந்ததும் மறுபடி அமுக்கினார். முடிந்ததும் இன்னொரு முறை.

“ஒரு தடவை போட்டுக் காட்டுங்க” என்றார் அழுகையம்மா, டீயை உறிஞ்சிக்கொண்டே. “கோணத்தைப் பார்க்காம நான் எழுந்திரிக்கிறதில்ல. அது ஒரு வியாதி.”

பெரிய திரையில் போட்டார்கள். முழங்கால் வந்தது. வாஷிங் மெஷின் வந்தது. சிரிப்பு வந்தது. “ஆரம்பி” என்ற லெவல்காரரின் குரல் வந்தது. அடுத்த கணம் திரையில் காலி நாற்காலி இருந்தது. அதன் பக்கத்தில் மச்சான் குனிந்து, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தான்.

“அத்தான், இந்தம்மா சிரிச்சுத் தொலைக்கிறாங்களே. கண்ணீர் கேட்டிருக்காங்க. எப்படி அழ வைக்கிறது?”

“நீ கேள்வி கேக்கிறதை விட்டுட்டு உன் கவிதையைப் படிச்சுக் காட்டு” என்றது லெவல்காரரின் குரல். “தானா அழுவாங்க.”

“விளையாடாதீங்க. அவங்க வீட்டுக்காரர் போனதைப் பத்திக் கேட்கட்டுமா?”

“சேச்சே, அதெல்லாம் வேண்டாம். ஆனா அந்தச் சிரிப்பு இருக்கே மச்சான், பழைய ஸ்கூட்டரை உதைச்சு ஸ்டார்ட் பண்ற மாதிரி. என் மீட்டர் முள்ளு செத்துப்போச்சு.”

லெவல்காரர் பாய்ந்து போய் நிறுத்த எழுவதற்குள் திரையில் காட்சி மறுபடி தாவியது. அழுகையம்மா டீயை வாங்கிக்கொண்டு, “ஒரு தடவை போட்டுக் காட்டுங்க” என்றார். அதோடு பதிவு முடிந்தது.

புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. லெவல்காரர் வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசிய சந்தோஷத்தில், லெவல் பார்த்து முடித்ததும் நிறுத்த மறந்துவிட்டார். ஆகவே தொடங்க அமுக்கியபோது அது நின்றது. நிறுத்த அமுக்கியபோது ஓடியது. பேச்சு நடந்தபோதெல்லாம் கேமராக்கள் தூங்கின, பேச்சு நின்றபோதெல்லாம் விழித்துக்கொண்டு பார்த்தன. விளக்கைப் பார்த்தால் தெரிந்திருக்கும். விளக்கின் மேல் டேப்.

“அத்தான்” என்றான் மச்சான். குரல் எழும்பவில்லை. “ஒரு பொத்தான். ஒரே ஒரு பொத்தான்.”

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, ஓரக்கண்ணால் மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். லெவல்காரர் ஹெட்போனைக் கழற்றினார். மேசையில் வைத்து, அதன் வயரைக் கையில் சுற்றத் தொடங்கினார். பாதியில் முடிச்சு விழுந்திருந்தது. அதை நகத்தால் நெம்பி, இழுத்து, ஊதி, மெதுவாக அவிழ்த்தார். வேறு எதைச் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஏம்ப்பா ஸ்கூட்டர்” என்றார் அழுகையம்மா.

லெவல்காரர் தலையைத் தூக்கவில்லை. “மன்னிச்சுக்கங்கம்மா. ரெண்டுக்கும்.”

“எந்த ரெண்டு?”

“பதிவாகாததுக்கும் ஒண்ணு. பதிவானதுக்கும் ஒண்ணு.”

அழுகையம்மா கோப்பையைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. கோபமா என்று இருவரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். உதை இரண்டு முறை தவறியது, மூன்றாவதில் வண்டி கிளம்பியது.

“ரெண்டாவது தடவையா என் சிரிப்பு போச்சு!” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. “அப்ப வெட்டினாங்க, இப்ப பேச்சுல சிரிச்சதை எடுக்கவே இல்ல. முன்னேற்றம்தான்!” பிறகு மச்சானின் முதுகைப் பார்த்து, “தம்பி, இங்க திரும்பு. அழணும்னா கேட்டிருக்கலாமே? நாப்பது வருஷமா காலையில பல்லு விளக்கினதும் அழுதிருக்கேன். எனக்கென்ன அதுல பஞ்சம்?”

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“இப்ப கேட்டா மாட்டேன். என் சிரிப்பு ஒரு திரையிலயாவது வரணும்னுதான் நான் இந்த மாடி ஏறினேன். மறுபடி உட்காருறேன். ஆனா வெளிய போடுற படத்துல நான் சிரிக்கணும்.”

“தலைமை ஆபீஸ்ல கண்ணீர் இல்லாம...”

“கண்ணீர் வேணும்னாங்க. யாரோட கண்ணீர்னு சொன்னாங்களா?”

மச்சான் யோசித்தான். சொல்லவில்லைதான்.

“உட்காரு. ஏ ஸ்கூட்டர், அந்த டேப்பை எல்லாம் பிய்ச்சுப் போடு. சிவப்பு விளக்கு எரியாட்டா எனக்குப் பேச்சே வராது. அப்பறம் அந்த வயரை விடு. போதும் சுத்தினது.”

லெவல்காரர் டேப்பைப் பிய்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பொத்தானை அமுக்கிவிட்டு மூன்று விளக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு இன்னொரு முறை பார்த்தார். கீழேயிருந்து டயர் கடைக்காரர், இன்னும் எவ்வளவு நேரம்தான் துணி தொங்கும் என்று சண்டைக்கு ஏறி வந்தார். கதவைத் திறந்து அழுகையம்மாவைப் பார்த்தவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி இறங்கிப் போனார்.

அழுகையம்மா மறுபடி சொன்னார். அதே பாப்பா, அதே காஸ் பையன், அதே வெட்டுப்பட்ட காட்சி. சொற்கள் ஒன்றுகூட இடம் மாறவில்லை. எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தினார், எங்கே சிரித்தாரோ அங்கே சிரித்தார். மச்சானுக்குச் சங்கடமாக இருந்தது. காலையில் அந்தச் சிரிப்பைத் தனக்கு மட்டும் கிடைத்த ஒன்று என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

“கேட்கலாமான்னு தெரியல” என்றான். “காலையில சிரிச்சது நிஜமா, இப்ப சிரிச்சது நிஜமா?”

“உனக்குப் பிள்ளை இருக்கா?”

“ஒரு பொண்ணு.”

“ராத்திரி கதை சொல்லுவியா?”

“சொல்லுவேன். ஒரே கதைதான். குரங்கு குடையைத் தூக்கிட்டுப் போற கதை. வேற சொன்னா அடிக்கிறா.”

“குரங்கு போனதும் சிரிக்கிறாளா?”

“தினம் சிரிக்கிறா.”

“எந்த நாள் சிரிப்பு பொய்?”

இதைப் பெரிய தத்துவம் என்று சொல்லிவிட முடியாது. எதிர்க்கேள்வி போட்டு அடைக்க இடமிருக்கிறது. ஆனால் லெவல்காரருக்கு, தன் மனைவி விட்ட உதையைத் தானும் இதுவரை எத்தனையோ பேரிடம் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறோம் என்பதும், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது புதிதாக நடந்துகொண்டுதான் இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது.

“சரி, இப்ப அழு” என்றார் அழுகையம்மா.

“நானா? இப்பவா?”

“விளக்கு எரியுதுல்ல. மூச்சை இழுத்துப் பாதியில நிறுத்து. கண்ணைச் சிமிட்டாத. இப்ப நினைச்சுக்கோ. பெரிய துக்கத்தையெல்லாம் தொடாத, அது தொண்டையை அடைக்கும், கண்ணு காஞ்சு போயிடும். சின்னதா எடு. கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணு. நான் என்ன நினைப்பேன்னு சொல்ல மாட்டேன், அது தொழில் ரகசியம்.”

மச்சான் மூச்சை நிறுத்தினான். முகம் சிவந்தது. ஒன்றும் வரவில்லை. “கக்கூஸ் வர்ற மாதிரி இருக்கு, அழுகை வர்ற மாதிரி இல்ல” என்றார் அழுகையம்மா. லெவல்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மச்சானின் பார்வை மேசைப் பக்கம் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றது. இடது கண் முதலில் நிறைந்தது. பிறகு வலது. பிறகு அது எல்லை மீறிப் போய்விட்டது. மூக்கு ஒழுகியது, உதடு கோணியது, முழங்கையால் துடைத்துக்கொண்டு விம்மினான். நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை.

“அடப்பாவி!” என்றார் அழுகையம்மா. “முதல் டேக்கிலயேவா? கிளிசரின்கூட இல்லாம! நான் முதல் அழுகைக்கு மூணு நாள் அலைஞ்சேன்டா!” அவருக்கு வண்டி கிளம்பிவிட்டது. ஒரு நாற்காலியில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, எதிரே அவன் தேம்பித் தேம்பி அழ, லெவல்காரர் ஒரு கையால் குமிழைத் திருகி இன்னொரு கையின் விரலால் விளக்குகளைச் சுட்டிச் சுட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் எரிந்தன.

அந்தப் படத்தைத்தான் முகப்பில் போட்டார்கள். தலைமை அலுவலகம் முதலில் முணுமுணுத்தது. நிபந்தனையில் எழுதியிருந்தது கண்ணீர், படத்தில் இருந்ததும் கண்ணீர், மறுக்க வழியில்லை. ஜனங்கள் பார்த்தார்கள். எதற்காக இந்த ஆள் அழுகிறான் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள், அந்த அம்மா சிரிப்பதை முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார்கள். நிகழ்ச்சியை மூடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பதிவு நடந்த அன்றைக்கே, அழுகையம்மாவைக் காரில் ஏற்றிவிட்டு வந்து, ஜன்னலிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தார்கள். கீழே காற்று இயந்திரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து உறுமியது. அந்தச் சத்தத்தில் லெவல்காரர் கேட்டார்.

“என்னத்தடா நினைச்சே?”

“ஒண்ணுமில்ல அத்தான்.”

“ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு அழுகை? என் மைக் நனைஞ்சு போச்சு.”

மச்சான் மெத்தைச் சுவரில் சாய்ந்து நின்றான். “நீங்க அந்த ஹெட்போனைக் கழட்டி வயரைச் சுத்தினீங்கள்ல. முடிச்சு விழுந்ததும் என்னைத் திருப்பித் திட்டாம, யாரையும் பார்க்காம, அதை ஊதி ஊதி அவிழ்த்தீங்களே. ஏதோ நாளைக்கு வர மாட்டேங்கிற மாதிரி. நான் வேற பொத்தான்னு கத்திட்டேன். அதைத்தான் நினைச்சேன்.”

லெவல்காரருக்கு இதற்கு லெவல் வைக்கத் தெரியவில்லை. “கத்தல எல்லாம். உனக்குக் குரலே வரல” என்றார். பிறகு, “மூக்கைத் துடை. நாளைக்கு யாரு வர்றது?”

“ஒப்பனைக்காரர்.”

“சரி. அந்தப் பொத்தான்ல பெரிசா ஒரு விளக்கு வெச்சதா வாங்கு.”

ஒரு வாரத்துக்குள் மச்சானின் அழுகை முகத்தையும் அழுகையம்மாவின் சிரிப்பு முகத்தையும் யாரோ வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியவர்களும் கிரிக்கெட்டில் தோற்றவர்களும் அவனை அனுப்பத் தொடங்கினார்கள். அழுகையம்மாவுக்கு முதன்முறையாக அழுகையிலிருந்து ஓய்வு கிடைத்தது.

அடுத்த மாதம் ஒருநாள் பதிவுக்கு நடுவே லெவல்காரரின் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. மனைவியிடமிருந்து செய்தி. எழுத்து ஒன்றும் இல்லை. அவளுடைய சொந்தத் தம்பி, உதடு கோணி, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தான். வாஷிங் மெஷின் மறுபடி ஓடிப்போய்க் கதவை இடித்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. விளக்குகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியில் கையை வைத்து, இந்த உதை உன்னுடையது என்கிற அர்த்தத்தில், சிரிக்கும் அழுகையம்மாவைத் தேடியெடுத்து அனுப்பினார்.